நாடு இல்லாத ராஜாக்கள்: கிங் ஆஃப் ஆர்ம்ஸ்ங்கற பட்டம் எங்கேர்ந்து வந்துச்சு?

2022 செப்டம்பர் 10ஆம் தேதி லண்டன்ல செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை பால்கனியில ஒருத்தர் நின்னு, சார்ல்ஸ்தான் இனிமே ராஜான்னு ஒரு காகிதத்தை சத்தமா படிச்சாரே, டிவில லைவ்வா காட்டினாங்க, ஞாபகம் இருக்கா? சிவப்பும் நீலமும் தங்க ஜரிகையுமா முன்னாடி பின்னாடி பட்டையா தொங்கற அங்கி போட்டிருந்தார். ஒன்பது நாள் கழிச்சு வின்ட்ஸர்ல எலிசபெத் ராணியோட சவப்பெட்டி கீழ இறங்கறப்போ அவங்களோட பட்டங்களை ஒண்ணொண்ணா படிச்சதும் அதே ஆள்தான். பேரு டேவிட் வைட். பதவிதான் சுவாரசியம்: கார்ட்டர் பிரின்சிபல் கிங் ஆஃப் ஆர்ம்ஸ். ஆமா, கிங். ராஜாவை அறிவிக்க வந்த ஊழியருக்கும் ராஜான்னே பட்டம்.

சும்மா பேருக்கு ராஜா இல்ல, கிரீடமும் உண்டு. வெள்ளியில செஞ்சு தங்க முலாம் பூசினது, சுத்தி 16 இலை, ஒண்ணு உசரம் ஒண்ணு குட்டைன்னு மாத்தி மாத்தி நிக்கும், அடியில வளையத்துல "தேவனே எனக்கு இரங்கும்"னு ஆரம்பிக்கற 51ஆம் சங்கீதத்து வரி லத்தீன்ல இருக்கும். 1953ல எலிசபெத் தலையில கிரீடம் ஏறின அந்த நிமிஷம், வெஸ்ட்மின்ஸ்டர் அபேல இருந்த பிரபுக்களோட சேர்ந்து இவங்களும் தங்களோடதை எடுத்து தலையில வெச்சுக்கிட்டாங்க. இவ்வளவு பந்தா இருக்கு, சம்பளம் எவ்வளவு தெரியுமா? கார்ட்டருக்கு வருஷத்துக்கு 49 பவுண்டு 7 பென்ஸ். மாசத்துக்கு இல்லங்க, வருஷத்துக்கு. 1830கள்ல நாலாம் வில்லியம் காலத்துல குறைச்சு நிர்ணயிச்ச தொகை, அதுக்கப்புறம் யாரும் ஏத்தவே இல்ல. அவங்க பிழைப்பு எப்படி ஓடுதுன்னா, குடும்ப சின்னம் வேணும், வம்சாவளி தேடணும்னு வர்றவங்ககிட்ட வாங்கற ஃபீஸ்லதான்.

இங்க ஆர்ம்ஸ்னா ஆயுதம் இல்ல. கேடயத்துல வரைஞ்சுக்கற குடும்ப சின்னம், கோட் ஆஃப் ஆர்ம்ஸ்னு சொல்றோமே அது. அந்த சின்னங்களை அடையாளம் சொல்றது, பதிவு பண்றது, புதுசா கொடுக்கறது எல்லாம் ஹெரால்டுங்க வேலை. அவங்கள்ல மேல்தட்டுதான் கிங் ஆஃப் ஆர்ம்ஸ். நடுவுல ஹெரால்ட். கடைசி படியில பர்சிவன்ட். லண்டன்ல காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ங்கற ஆபீஸ்ல இன்னைக்கும் 13 பேர் இருக்காங்க: ராஜா 3, ஹெரால்ட் 6, பர்சிவன்ட் 4.

சரி, ஒரு ஊழியனுக்கு ராஜா பட்டம் எப்படி ஒட்டிச்சு? பெரும்பாலானவங்க நினைக்கறது, அரசர் பெருமைக்காக கொடுத்த பட்டம்னு. எனக்கு என்னவோ கதை தலைகீழ்னுதான் தோணுது. இந்த "ராஜா" அரண்மனையிலேர்ந்து கீழ இறங்கி வந்த பட்டம் இல்ல, தெருவிலேர்ந்து மேல ஏறினது.

12ஆம் நூற்றாண்டுக்கு போகணும். போர்ல மூஞ்சியை மறைக்கற ஹெல்மெட் போட ஆரம்பிச்சதும் யாரு யாருன்னே தெரியாம போச்சு. அதுக்கு முன்னாடியே, 1066 ஹேஸ்டிங்ஸ் போர்ல தான் செத்துட்டதா வதந்தி பரவினதும் நார்மண்டி டியூக் வில்லியம் ஹெல்மெட்டை தூக்கி முகத்தை காட்டற காட்சி, அந்த போர் கதையை தையல்ல சொல்ற பேயு துணியில இருக்கு. இப்படி முகம் தெரியாம போனதாலதான் கேடயத்துல சிங்கம், கழுகு, பட்டை, சிலுவைன்னு ஒரு அடையாளம் வரைஞ்சுக்கற பழக்கம் வந்து, அது அப்பன்கிட்டேர்ந்து பையனுக்கு போற சொத்து மாதிரி ஆயிடுச்சு. வருஷம் பூரா போர் நடக்காதே, அதனால நைட்டுங்கற கவசம் போட்ட குதிரை வீரர்கள் ஊர் ஊரா டூர்னமென்ட் நடத்தி மோதிக்கிட்டாங்க. அங்க கூட்டத்துக்கு இவர் இன்னார், இந்த சின்னம் இன்னார் வீட்டுதுன்னு கத்தி சொல்ல ஆள் வேணும். நம்ம கூத்துல ராஜா வர்றதுக்கு முன்னாடி கட்டியக்காரன் வந்து "வர்றார் வர்றார்"னு கட்டியம் கூறுவானே, கிட்டத்தட்ட அந்த வேலை. ஜெயிச்ச நைட் காசு வீசினா சாப்பாடு, இல்லன்னா பட்டினி.

அந்த ஆளுங்க எப்படி இருந்தாங்கன்னு ஒரு சின்ன சீன் கிடைக்குது. க்ரெத்தியன் த த்ருவாங்கற பிரெஞ்சு கவிஞர் 1170, 80கள் வாக்குல, ஆர்தர் ராஜா கதையில வர்ற பெரிய வீரன் லான்ஸலாட் பத்தி எழுதின காவியத்துல, ஒரு ஹெரால்ட் உள்ள நுழையறான். வெறுங்கால். மேல ஒரு உள்சட்டை மட்டும். மீதி துணியையும் செருப்பையும் கள்ளுக்கடையில அடகு வெச்சுட்டு வந்திருக்கான். வாசல்ல ஒரு கேடயம் தொங்குது, யாரோடதுன்னு அவனுக்கு தெரியல, தொழில் தெரிஞ்சவனுக்கு அதை விட அவமானம் கிடையாதே, கதவு திறந்திருக்கேன்னு உள்ள எட்டிப் பாக்கறான், படுத்திருக்கறது லான்ஸலாட்! அவர் யார்கிட்டயும் மூச்சு விட்டேன்னா தொலைச்சிடுவேன்னு மிரட்டறார். இவன் சரி சரின்னு வெளிய வந்த அடுத்த நொடியே, எல்லாரையும் அளந்து காட்டப் போறவர் வந்துட்டாருன்னு ஊரு பூரா கத்திக்கிட்டே ஓடறான். பேரை சொல்லல, ஆனா வாயை மூடவும் முடியல. தொழில் பக்தி அது.

இப்படி அடகு வெச்சு குடிச்ச கூட்டம் எந்த ஜாபிதாவுல இருந்துச்சுன்னா, பாட்டுக்காரன், வாத்தியக்காரன், வித்தை காட்டறவன் இவங்களோட. அரண்மனை கணக்குல மின்ஸ்ட்ரல்னு ஒரே தலைப்புல காசு கொடுத்தாங்க. இங்கதான் "ராஜா" வருது. அந்த காலத்துல ஒரு தொழில் கூட்டத்துக்கு தலைவனா இருக்கறவனை ராஜான்னு கூப்பிடறது பிரான்ஸ், இங்கிலாந்து ரெண்டுலயும் சகஜம். பாட்டுக்காரங்களுக்கு ஒரு ராஜா. இங்கிலாந்துல டட்பரிங்கற ஊர்ல மின்ஸ்ட்ரல் ராஜாவுக்கு 1380 வாக்குல ஜான் ஆஃப் கான்ட்ங்கற பிரபு சாசனமே கொடுத்திருக்கார். பிரெஞ்சு அரண்மனையில சூதாட்டக்காரங்களையும் விலைமாதரையும் மேய்க்கற அதிகாரிக்கு பட்டம் ரிபால்டுங்களோட ராஜா, அதாவது போக்கிரிங்களோட ராஜா. அந்த வரிசையில ஹெரால்டுங்களுக்கும் ஒரு ராஜா. அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊர்ல மேஸ்திரி, நாட்டாமைன்னு சொல்ற அர்த்தம்தான் அதுல இருந்துச்சு, சிங்காசனம் ஒண்ணும் இல்ல.

1276ல ஒரு பத்திரத்துல பீட்டர்னு ஒருத்தர் வர்றார். "ட்ரென்ட் ஆத்துக்கு வடக்கு பக்கத்து ஹெரால்டுகளின் ராஜா"ன்னு லத்தீன்ல போட்டிருக்கு. முப்பது வருஷம் கழிச்சு, 1306ல முதலாம் எட்வர்ட் தன் மகனை நைட்டாக்கின பெரிய விருந்துல கலைஞர்களுக்கு காசு கொடுத்த கணக்கு இருக்கு, அதுல தலைமாட்டுல நிக்கறவங்க ராஜா பட்டத்தோட இருக்கற சில பேர், அதுக்கு கீழ யாழ் வாசிக்கறவங்க, ஊதறவங்கன்னு போகுது. ஹெரால்ட் ராஜாவும் பாட்டுக்கார ராஜாவும் ஒரே பட்டியல்ல. பிரிச்சு பாக்கவே அவங்களுக்கு தோணல போல.

அந்த பீட்டரோட பத்திரத்துல இன்னொண்ணும் கவனிங்க, ட்ரென்ட் ஆறு. இங்கிலாந்தை குறுக்கால வெட்டற அந்த ஆறுதான் எல்லை. வடக்குல ஒரு ராஜா, தெக்குல ஒரு ராஜா. வடக்கத்தியவர் பட்டம் நாராய், நார்த் ராஜான்னு அர்த்தம் வர்ற பழைய பிரெஞ்சு. தெக்கத்தியவருக்கு கொஞ்ச காலம் சர்ராய்னு இருந்துச்சு, அது செத்துப்போய் க்ளாரன்ஸோன்னு மாறிடுச்சு. இது க்ளாரன்ஸ் டியூக்கோட பட்டத்திலேர்ந்து வந்த பேரு, க்ளாரன்ஸ் வந்தது சஃபோக்ல இருக்கற க்ளேர்ங்கற ஊர்லேர்ந்து. பாருங்க, ஒரு சின்ன ஊர் பேரு பிரபு பட்டமாகி, பிரபு பட்டம் அவர்கிட்ட வேலை பாத்த ஹெரால்டுக்கு ஒட்டி, அப்புறம் பாதி இங்கிலாந்தோட சின்ன விவகாரத்துக்கே தலைவர் பட்டமாயிடுச்சு. இன்னைக்கும் ட்ரென்டுக்கு தெக்க இருக்கறவங்க சின்னம் கேட்டா க்ளாரன்ஸோகிட்டதான் போகும்.

இவங்க ரெண்டு பேரும் பழைய ஆளுங்க. மூணாவதா வந்து ரெண்டு பேர் தலைக்கு மேலயும் உக்காந்தவர்தான் கார்ட்டர். 1415 வாக்குல அஞ்சாம் ஹென்றி உருவாக்கின பதவி, முதல்ல உக்காந்தவர் வில்லியம் புரூஜஸ். கார்ட்டர்னா காலுறை நழுவாம முழங்காலுக்கு கீழ கட்டற பட்டி. 1348 வாக்குல மூணாம் எட்வர்ட் ஆரம்பிச்ச நைட் குழுவுக்கு அந்த பட்டிதான் சின்னம். ஒரு சீமாட்டி டான்ஸ் ஆடறப்போ பட்டி நழுவி விழுந்துச்சு, ராஜா எடுத்து தன் கால்ல கட்டிக்கிட்டு சிரிச்சவங்களை அதட்டினாருன்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கும், ரொம்ப பின்னாடி வந்த கதை, நான் நம்பறதில்ல. பட்டி கதை எப்படியோ, அந்த குழுவுக்கு ஹெரால்டா இருக்கறவர் ராஜாவோட பக்கத்துலயே இருப்பார், அதனாலதான் அவருக்கு முதல் இடம்.

 அதே 1415 அக்டோபர் 25ல, இங்கிலாந்து பிரான்ஸை தோற்கடிச்ச அஜின்கோர்ட் போர் நடந்துச்சு. போர்ல ஹெரால்டுங்களோட மவுசு எப்படி இருந்துச்சுன்னு அந்த நாள்ல தெரியும். சண்டை முடிஞ்சதும் ஹென்றி, பிரான்ஸோட தலைமை ஹெரால்ட் மோன்ஜுவாவை கூப்பிட்டு, ஜெயிச்சது யாரு, நீங்களா நாங்களான்னு கேட்டதாகவும், நீங்கதான்னு அவர் சொன்னதாகவும், அதோ தெரியற கோட்டைக்கு என்ன பேருன்னு கேட்டு, அஜின்கோர்ட்னு பதில் வந்ததும் இந்த போருக்கு அதுதான் பேருன்னு ஹென்றி சொன்னதாகவும் மோன்ஸ்த்ரலேங்கற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எழுதி வெச்சிருக்கார். களத்துல பிணமா கிடக்கறவங்களை சட்டையில இருக்கற சின்னத்தை வெச்சு அடையாளம் சொல்ல வேண்டியதும் இவங்கதான். கள்ளுக்கடையில செருப்பு அடகு வெச்சவன் வாரிசு இப்போ ரெண்டு அரசுக்கு நடுவுல தீர்ப்பு சொல்ற இடத்துக்கு வந்துட்டான்.

கார்ட்டர் வந்ததும் மத்த ரெண்டு ராஜாக்களுக்கும் வயித்தெரிச்சல் ஆரம்பிச்சிடுச்சு, இது தொடர்ச்சியா ஓடின பஞ்சாயத்து. 1530ல உச்சம். அப்போ கார்ட்டர் தாமஸ் ரைதஸ்லி, க்ளாரன்ஸோ தாமஸ் பெனோல்ட். ஊர் ஊரா போய் யார்கிட்ட நிஜ சின்னம் இருக்கு, யாரு டூப்ளிகேட் போட்டிருக்கான்னு செக் பண்ற உரிமை யாருக்குன்னு அடிச்சுக்கிட்டாங்க. எட்டாம் ஹென்றி அதிகாரத்தை பெனோல்டுக்கு கொடுத்துட்டார். 1680கள் வரைக்கும் இந்த ரெய்டு நடந்துச்சு. தப்பா சின்னம் போட்டிருந்தவங்க பேரை சந்தையில எல்லார் முன்னாடியும் அறிவிப்பாங்க, இவன் ஜென்டில்மேன் இல்லன்னு. கல்லறையில சின்னம் செதுக்கியிருந்தா அழிக்கற அதிகாரமும் இருந்துச்சு. அந்த காலத்துல மானம் போச்சுன்னா சாதாரணமில்ல.

இதுவரைக்கும் சொன்னது ராஜாங்கற பட்டத்தோட ஒரு பாதி, தொழில் தலைவன். இன்னொரு பாதி வேற இடத்திலேர்ந்து வருது, அதுதான் கிரீடத்தை விளக்குது.

டேவிட் வைட் பால்கனியில போட்டிருந்தாரே அந்த அங்கி, அதுக்கு பேரு டாபர்ட். அதுல இருக்கறது அவரோட சின்னம் இல்ல, அரசரோட சின்னம். அதாவது அதை போட்டுக்கிட்டு நிக்கற வரைக்கும் அவர் பேசறது அவர் பேச்சு இல்ல, அரசரோட பேச்சு. அங்கி ஒரே டிசைன், ஆனா துணியை வெச்சு தகுதி தெரியும், ராஜாக்களுக்கு வெல்வெட், ஹெரால்டுக்கு சாட்டின், பர்சிவன்டுக்கு டமாஸ்க் பட்டு. பழைய காலத்துல பர்சிவன்டுங்க இதை குறுக்காலதான் போடணும், கை மேல விழ வேண்டிய துண்டு நெஞ்சுலயும் முதுகுலயும் தொங்கும், நெஞ்சு மேல விழ வேண்டிய பெரிய துண்டு ரெண்டு கை பக்கமும் தொங்கும். பாக்கறவன் தூரத்திலேர்ந்தே இவன் ஜூனியர்னு கண்டுபிடிச்சிடுவான். பதவி உயர்ந்தா அங்கியை திருப்பி போட்டுக்கலாம்.

அந்த காலத்துல பதவியேத்தறப்போ ஒரு கிண்ணத்துல வைனை எடுத்து தலையில ஊத்தி பட்டப் பேரை சொல்லுவாங்க, ஞானஸ்நானம் கொடுக்கற மாதிரியே. அதுக்கப்புறம் அவரோட சொந்த பேரு ரெண்டாம்பட்சம், ஆபீஸ்ல கார்ட்டர், க்ளாரன்ஸோ, யார்க்னுதான் கூப்பிடுவாங்க.

அரசர் சின்னத்தை உடம்புல சுமக்கறவனை அடிச்சா அரசரையே அடிச்ச மாதிரி. இது வெறும் பேச்சு இல்ல. 1515ல ஸ்காட்லாந்துல டிரம்மன்ட் பிரபு, அந்த நாட்டு ஹெரால்டுங்களுக்கு தலைவரான லயன் கிங் ஆஃப் ஆர்ம்ஸை கையால குத்திட்டார். பிரபுவை ஜெயில்ல போட்டு சொத்தையும் பறிமுதல் பண்ணிட்டாங்க. பாட்டுக்கார கூட்டத்து மேஸ்திரியை குத்தினா யாருக்கு கவலை, ஆனா அந்த நேரம் அவர் நெஞ்சுல இருந்தது ஸ்காட்லாந்து அரசரோட செஞ்சிங்கம். ராஜாங்கற பேரு அங்க கீழேர்ந்து வந்துச்சு, ராஜாவோட சின்னம் இங்க மேலேர்ந்து வந்துச்சு, ரெண்டும் ஒரே ஆள் மேல ஒட்டினதுக்கு அப்புறம் கிரீடம் வெக்கறது ஒண்ணும் விசித்திரமா படல அவங்களுக்கு.

கீழ்ப்படியில இருக்கற பர்சிவன்ட் பட்டங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். ரூஜ் க்ராய், அதாவது செஞ்சிலுவை. ப்ளூமேன்டில், நீல போர்வை. போர்ட்கல்லிஸ், கோட்டை வாசல்ல மேலேர்ந்து இறக்கற இரும்பு கம்பி கதவு. ரூஜ் டிராகன், சிவப்பு டிராகன். கேக்க பேன்டஸி கேம்ல வர்ற கேரக்டர் பேரா இருக்கும், ஆனா ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு அரசியல் அவசரம் இருக்கு.

1484 மார்ச் 2ல மூணாம் ரிச்சர்ட்தான் ஹெரால்டுங்களுக்கு சாசனம் கொடுத்து, லண்டன்ல கோல்ட்ஹார்பர்ங்கற வீட்டையும் கொடுத்தார். ரிச்சர்டோட சொந்த அடையாளம் வெள்ளை காட்டுப்பன்றி, அதனால அவருக்கு ப்ளாங் ஸாங்லியேன்னு ஒரு பர்சிவன்ட் இருந்தான், வெள்ளைப் பன்றின்னே அர்த்தம். ஒன்றரை வருஷம்தான். 1485 ஆகஸ்ட் 22ல பாஸ்வொர்த் களத்துல ரிச்சர்ட் செத்தார். அவர் உடம்பை துணி இல்லாம ஒரு குதிரை மேல குறுக்கால கட்டி லெஸ்டருக்கு கொண்டு போனப்போ, அந்த குதிரையை ஓட்டினது அதே வெள்ளைப் பன்றி பர்சிவன்ட்தான்னு எட்வர்ட் ஹால்ங்கற வரலாற்றாசிரியர் எழுதறார். அதோட அந்த பட்டம் காலி. கோல்ட்ஹார்பர் வீட்டையும் ஜெயிச்ச ஏழாம் ஹென்றி பிடுங்கிட்டார்.

ஹென்றிக்கு சிம்மாசன உரிமை ரொம்ப மெலிசு. அம்மா மார்கரெட் போஃபோர்ட் வழியில கொஞ்சம் அரச ரத்தம், அப்பா வழியில வேல்ஸ். அதனால வேல்ஸ்ல பழங்கால ராஜா கட்வாலடரோட சிவப்பு டிராகன் எங்க வம்சத்துதுன்னு கொடியில போட்டுக்கிட்டார். பாஸ்வொர்த்துல பறந்த கொடி அது. முடிசூட்டு அக்டோபர் 30, அதுக்கு முந்தின நாள் 29ஆம் தேதி ரூஜ் டிராகன்னு புது பர்சிவன்ட் பதவியை உருவாக்கினார். போஃபோர்ட் குடும்ப சின்னம் இரும்பு கம்பி கதவு, அது போர்ட்கல்லிஸ் ஆச்சு. ஒண்ணு அப்பா பக்கம், இன்னொண்ணு அம்மா பக்கம். சட்டப்படி வாதாடி ஜெயிக்க முடியாத உரிமையை ரெண்டு ஆளுக்கு அங்கி மாட்டி தெருவுல நடக்க விட்டுட்டார், என்ன ஒரு மூளை. பன்றி போச்சு, டிராகன் வந்துச்சு, நடுவுல ரெண்டு மாசத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இன்னைக்கு பிரிட்டிஷ் பார்லிமென்ட்டோட முத்திரையில அந்த கம்பி கதவுதான் இருக்கு.

முதலாம் எலிசபெத் காலத்துல இந்த ஆபீஸ் பணம் பாக்கற இடமாயிடுச்சு, காசு சம்பாதிச்சவன் எல்லாம் ஜென்டில்மேன் ஆகணும்னு வரிசையில நின்னான். 1596ல ஸ்ட்ராட்ஃபோர்டுல கையுறை வியாபாரம் பண்ணின ஜான் ஷேக்ஸ்பியருக்கு சின்னம் கொடுத்தது அப்போ கார்ட்டரா இருந்த வில்லியம் டெதிக். மகன் யாருன்னு சொல்ல வேண்டாம். தங்க கேடயத்துல ஒரு ஈட்டி, மேல ஈட்டி பிடிச்ச வல்லூறு. இதை பாத்து கொதிச்சவர் ரால்ஃப் ப்ரூக், யார்க் ஹெரால்ட். தகுதியில்லாதவனுக்கெல்லாம் டெதிக் சின்னம் விக்கறார்னு 1602ல ஒரு லிஸ்ட் போட்டார், அதுல "நடிகன் ஷேக்ஸ்பியர்"னு ஒரு குத்து. ப்ரூக்குக்கு நியாயம் ஒரு பக்கம் இருந்தாலும் கடுப்பு இன்னொரு பக்கம். க்ளாரன்ஸோ பதவி தனக்கு வரும்னு காத்திருந்தார், 1597ல அது வில்லியம் கேம்டன்ங்கற வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்கூல் வாத்தியாருக்கு போயிடுச்சு. சீனியாரிட்டியை தாண்டி வெளியிலேர்ந்து ஆளை போட்டா ஆபீஸ்ல என்ன நடக்கும், அதெல்லாம் நடந்துச்சு. கேம்டன் எழுதின புத்தகத்துல வம்சாவளி தப்புகளை தேடி தேடி எடுத்து ப்ரூக் ஒரு புத்தகமே போட்டுட்டார்.

ப்ரூக்கோட மாஸ்டர் பீஸ் 1616 டிசம்பர்ல. அப்போ டெதிக் போய் வில்லியம் ஸீகர் கார்ட்டரா இருந்தார். ஒரு ஆள் வந்து, கிரகரி பிராண்டன்ங்கற ஜென்டில்மேனுக்கு சின்னம் உறுதிப்படுத்தி கையெழுத்து வேணும், ஸ்பெயினுக்கு போகணும், கப்பல் கிளம்பப் போகுது, அவசரம்னு சொல்றான். ஸீகர் 22 ஷில்லிங் ஃபீஸை வாங்கிட்டு போட்டுக் கொடுத்துட்டார். அந்த கேடயத்துல இருந்தது அரகான் ராஜ்யத்தோட சின்னம், ஒரு மூலையில பிராபன்ட் சின்னம். பிராண்டன் யாரு? லண்டன் மாநகர தூக்குப்போடறவர். ப்ரூக் விரிச்ச வலை அது. சந்தோஷமா போய் ஜேம்ஸ் ராஜாகிட்ட போட்டுக் கொடுத்தார், ராஜா ரெண்டு பேரையும் சேத்து மார்ஷல்ஸீ ஜெயில்ல தள்ளிட்டார், ஒருத்தர் கவனமில்லாததுக்கு, ஒருத்தர் குழி பறிச்சதுக்கு. அந்த பிராண்டனோட மகன் ரிச்சர்டும் தூக்குக்காரர் ஆனார், 1649ல முதலாம் சார்ல்ஸ் தலையை வெட்டினது அவர்தான்னு பலர் நம்பறாங்க.

1666ல லண்டனையே எரிச்ச தீ விபத்துல ஆபீஸ் கட்டடம் எரிஞ்சிடுச்சு, பதிவேடுகள்ல பெரும்பகுதியை காப்பாத்திட்டாங்க. அதே இடத்துல திரும்ப கட்டினதுதான் இன்னைக்கு செயின்ட் பால் சர்ச் பக்கத்துல நிக்குது.

ஸ்காட்லாந்து கதை தனி. அங்க லார்ட் லயன்ங்கற ஒரே ராஜா, பேரு அரசரோட சிங்கத்திலேர்ந்து வந்தது. இங்கிலாந்துல இல்லாத ஒரு பல் அவருக்கு இருக்கு, அவர் நிஜமாவே நீதிபதி. லயன் கோர்ட்னு தனி கோர்ட், தனியா அரசு வக்கீல். 1672ல வந்த சட்டப்படி எல்லா சின்னத்தையும் அவர்கிட்ட பதிவு பண்ணணும், பதிவில்லாம பயன்படுத்தினா குற்றம். டொனால்ட் டிரம்ப் அபர்டீன் பக்கத்துல கோல்ஃப் மைதானம் ஆரம்பிச்சப்போ அமெரிக்காவுல போட்டுக்கிட்டிருந்த சின்னத்தை இங்கயும் போட்டார், லயன் ஆபீஸ் ஒத்துக்கல. அது ஃப்ளோரிடாவுல அவர் வாங்கின மார்-அ-லாகோ வீட்டோட பழைய குடும்பத்துக்காரங்க சின்னம், நடுவுல எழுதியிருந்த லத்தீன் வார்த்தையை எடுத்துட்டு தன் பேரை போட்டுக்கிட்டார். கடைசியில 2012ல புதுசா முறைப்படி ஒண்ணு வாங்கிக்கிட்டார். 17ஆம் நூற்றாண்டு சட்டம் 21ஆம் நூற்றாண்டு கோடீஸ்வரரை வழிக்கு கொண்டு வந்துச்சு.

இந்தியாவுக்கும் கொஞ்ச நாளைக்கு ஒரு ஹெரால்ட் வந்தார். 1911 டெல்லி தர்பாருக்காக டெல்லி ஹெரால்ட்னு ஒரு பதவியை உருவாக்கி வில்லியம் பெய்ட்டன்ங்கற ராணுவ அதிகாரியை போட்டாங்க, உதவிக்கு பஞ்சாப்பை சேர்ந்த மாலிக் உமர் ஹயாத் கான். தர்பாருக்கு தோரணம் மாதிரி வந்த பட்டம், ராஜான்னு சொல்ற அளவுக்கு எல்லாம் போகல.

அயர்லாந்துலதான் ராஜா பட்டத்துக்கு நிஜமான சோதனை வந்துச்சு. 1552ல ஆறாம் எட்வர்ட் அங்க அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்னு ஒரு பதவி போட்டார். 1907ல அதுல இருந்தவர் ஆர்தர் விகர்ஸ். டப்ளின் கோட்டையில அவர் ஆபீஸ்ல செயின்ட் பேட்ரிக் நைட் குழுவோட வைர நகைகள் இருந்துச்சு. 1903ல ஸ்ட்ராங் ரூம் கட்டினாங்க, கட்டி முடிச்சப்புறம் பாத்தா நகை வெச்ச இரும்பு பெட்டி அந்த வாசல்ல நுழையல. சரி லைப்ரரியிலயே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. 1907 ஜூலை 6ல பெட்டியை திறந்தா நகை இல்ல, நாலே நாள்ல ஏழாம் எட்வர்ட் ராஜா டப்ளின் வர்றார். சந்தேகம் விழுந்தவங்கள்ல ஒருத்தர் டப்ளின் ஹெரால்டா இருந்த ஃபிராங்க் ஷாக்கிள்டன், தென் துருவப் பயணம் போன எர்னஸ்ட் ஷாக்கிள்டனோட தம்பி. விசாரணை கமிஷன் அவரை விடுவிச்சிடுச்சு, பழி பூரா விகர்ஸ் தலையில விழுந்து அடுத்த வருஷம் வேலை போச்சு. 1921ல அவர் வீட்டுக்கு, அயர்லாந்து விடுதலைக்காக ஆயுதம் எடுத்த ஐஆர்ஏ ஆளுங்க வந்து வீட்டை எரிச்சு அவரையும் சுட்டுட்டாங்க. நகை இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல.

1922ல தெற்கு அயர்லாந்து தனியா பிரிஞ்ச பிறகும் அல்ஸ்டர் ராஜா ஆபீஸ் டப்ளின் கோட்டையிலயே பிரிட்டிஷ் அரசருக்கு கீழ ஓடிக்கிட்டிருந்தது வேடிக்கை. கடைசியா இருந்த நெவில் வில்கின்சன் 1940ல செத்தார். 1943ல ஆபீஸும் பதிவேடுகளும் ஐரிஷ் அரசாங்கத்துக்கு கைமாறிச்சு. பட்டத்தை மட்டும் பிரிட்டிஷ்காரங்க விடல, அல்ஸ்டரை எடுத்து வடக்கு ராஜா நாராயோட ஒட்டி நாராய் அண்ட் அல்ஸ்டர்னு ஆக்கிட்டாங்க, வட அயர்லாந்து இப்போ அவர் கணக்குல. டப்ளின்ல அதே வேலையை தொடர்ந்து பண்ண ஆள் வேணும், ஆனா அரசரை வேண்டாம்னு சொன்ன நாட்டுல ஊழியருக்கு ராஜா பட்டம் வெக்க முடியுமா? சீஃப் ஹெரால்ட் ஆஃப் அயர்லாந்துன்னு பேரை மாத்தி, எட்வர்ட் மக்லைசாட்டை அந்த நாற்காலியில உக்கார வெச்சாங்க. 1988ல கனடா சொந்தமா சின்ன ஆபீஸ் ஆரம்பிச்சப்போ, அரசர் இருக்கற நாடா இருந்தும், அவங்களும் சீஃப் ஹெரால்ட்னுதான் வெச்சுக்கிட்டாங்க.